பார்த்து நடக்கக் கூடாதா?

குழந்தை ஓடி வந்து தரையில் விழுந்தால் நம் வீடுகளில் ஒரு சடங்கு நடக்கும். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விழுந்த இடத்தைக் கையால் இரண்டு அடி அடிப்பார்கள். "இந்தத் தரைதானே தள்ளிவிட்டது? இந்தா, வாங்கிக்கோ!" என்பார்கள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் தரை அடிபடுவதைத் திருப்தியோடு பார்க்கும். உண்மையில் தரை ஒரு பாவமும் அறியாது. நடக்கக் கற்றுக்கொள்ளும் கால் இடறத்தான் செய்யும். இருந்தாலும் குற்றத்தைத் தரையின் மேல் போட்டுக் குழந்தையைச் சமாதானம் செய்கிறோம்.

வயதானவர்கள் விழுந்தால் யாரும் தரையை அடிப்பதில்லை. "பார்த்து நடக்கக் கூடாதா?" என்கிறோம்.

இந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அது என்னை விட்டபாடில்லை. ஆகையால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு அப்போது 81 வயது. பெரியப்பா காலமான பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் தனியாக இருந்தவளை நான்தான் வற்புறுத்திச் சென்னைக்கு அழைத்து வந்தேன். "அவ்வளவு பெரிய வீட்டில், இருட்டில் ஒண்டியாய் நடமாடி, எங்கேயாவது விழுந்து வைத்தால் யார் பார்ப்பது?" என்று நான் சொன்ன காரணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் அவள் ஒரு நாளும் விழவில்லை. என் வீட்டில்தான் விழுந்தாள்.

விடியற்காலை நாலரை மணி இருக்கும். வாளி கவிழ்ந்த சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். எங்கள் வீட்டில் நடையைவிடக் குளியலறைத் தரை நாலு அங்குலம் தாழ்வு. அந்த இறக்கம் தெரியாமல் காலை வைத்து, ஈரத்தில் சறுக்கி, ஒருக்களித்துக் கிடந்தாள். தூக்குவதற்கு முன்பே என் வாயிலிருந்து வந்த வார்த்தை, "என்ன பெரியம்மா, பார்த்து வரக் கூடாதா?" என்பதுதான்.

கிடந்தபடியே அவள் பதில் சொன்னாள். "பார்த்துத்தாண்டா வந்தேன். பார்க்கிறதுக்கு வெளிச்சம்தான் இல்லை."

நடையில் இருந்த பல்பு போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. நாலாவது நாளே புதுப் பல்பு வாங்கி வந்துவிட்டேன். அட்டைப் பெட்டியோடு அது என் எழுத்து மேஜை மேலேயே இருந்தது. முக்காலி போட்டு ஏறி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயங்களில் இருந்தேன். அதில் ஒரு கிழவி வருகிறாள். அவளைப் பற்றி மிகவும் உருக்கமாக நாற்பது பக்கம் எழுதியிருக்கிறேன் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். பழம் வாங்கி வந்தார்கள். "வயசானால் இப்படித்தான்" என்றார்கள். ஒருவர் கிரகநிலை சரியில்லை என்றார். இன்னொருவர், "இந்த மட்டில் போச்சே, தலையில் படாமல்" என்று ஆறுதல் சொன்னார். வயது, கிரகம், அதிர்ஷ்டம் என்று மூன்று காரணங்கள் கிடைத்தன. பல்பு என்ற நாலாவது காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு அதிக சங்கடமாக இருந்தது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் என் சொந்த வீட்டை முதல் முறையாகப் பார்த்தேன். பதினான்கு வருஷமாகக் குடியிருக்கும் வீடு. குளியலறைத் தரையில் பளபளவென்று முகம் தெரிகிற டைல்ஸ். வாங்கும்போது அந்தப் பளபளப்பில்தான் மயங்கினேன். உள்ளே இறங்கும் இடத்தில் படியும் தரையும் ஒரே வெள்ளை நிறம். எங்கே விளிம்பு, எங்கே பள்ளம் என்று பகலிலேயே உற்றுப் பார்க்க வேண்டும். வாசலில் ஒரு கால் மிதியடி, அடியில் பிடிப்பே இல்லாதது. பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு குழாய். துண்டு போடுகிற கம்பி ஒன்று. கம்பியை லேசாக இழுத்தேன், திருகாணியோடு கையில் வந்துவிட்டது. 81 வயது மனுஷி நாள்தோறும் இதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள்.

இதைச் சொன்னதும் சிலர் பழைய வீடுகளின் பெருமையைப் பேசக் கிளம்பிவிடுவார்கள். எனக்கு அந்தப் பக்தி கிடையாது. எங்கள் ஊர் வீட்டு நிலைப்படி முழங்கால் உயரம். கிணற்றடியில் ஐப்பசி முழுவதும் பாசி. கொல்லைக்கு ராத்திரியில் லாந்தரோடு போக வேண்டும். என் தாத்தா அந்தக் கிணற்றடியில் விழுந்துதான் படுத்தார். அந்தக் காலத்தில் இடுப்பு முறிந்து படுத்தவர்கள் எழுந்ததில்லை. ஆறு மாசம் கிடந்து போனார். அவரையும் பார்த்து நடக்கவில்லை என்றுதான் வீட்டில் குறை சொன்னார்கள். பாசியைத் தேய்த்துக் கழுவாதது யார் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு விஷயம் மட்டும் அந்த வீட்டின் பக்கம் சொல்லலாம். மச்சுப் படிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு தொங்கும். சொரசொரப்பான சிமென்டுத் தரை காலைப் பிடிக்கும். அறுபது வருஷம் நடந்த காலுக்கு அந்த வீட்டின் மேடும் பள்ளமும் இருட்டிலும் தெரியும். பழகிய இடத்திலிருந்து பெயர்த்து வந்தபோது நான் அந்தக் கால்களின் ஞாபகத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

வயதுக்குப் பங்கு இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அதன் பங்கு பெரிது. இருபது வயதுக் கண்ணின் உள்திரையை எட்டும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணில் எட்டுகிறது. பாப்பா சிறுத்துவிடுகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுகிறது. வெளிச்சமான அறையிலிருந்து இருட்டுக்கு வந்தால் பழக நேரம் பிடிக்கிறது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றுகிறது. தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் அதைக் கூட்டுகின்றன. இரட்டைப் பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் படியிறங்கக் குனிந்தால் படிக்கிற கண்ணாடி வழியாகப் படியைப் பார்க்கிறார்கள். படி மங்கிவிடுகிறது. காலைத் தரையிலிருந்து தூக்கும் உயரமும் குறைந்துவிடுகிறது. இடறினால் மறு காலை முன்வைத்துச் சமாளிக்கிற வேகம் போய்விடுகிறது.

இவ்வளவும் உண்மைதான். ஆனால் பெரியம்மாவுக்கு முதல் நாளும் 81 வயதுதான், அதற்கு முந்தின நாளும் 81 வயதுதான். வயது மட்டும் தள்ளிவிடுவதாக இருந்தால் நடுக்கூடத்தில் அல்லவா விழுந்திருக்க வேண்டும்? விளக்கு இல்லாத இடத்தில், படி இருந்த இடத்தில், ஈரம் இருந்த இடத்தில், பிடிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் விழுந்தாள். குழந்தை விஷயத்தில் குற்றமற்ற தரையை அடிக்கிறோம். கிழவர்கள் விஷயத்தில் குற்றமுள்ள தரையை விட்டுவிடுகிறோம். காரணம் லேசானது. அந்தத் தரைக்குச் சொந்தக்காரர் நாமாக இருக்கிறோம்.

இதை என் மனச்சாட்சியின் உறுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாதபடி சில கணக்குகள் இருக்கின்றன. உலகத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எதிர்பாராத விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் நம்மைப் போன்ற வசதி குறைந்த நாடுகளில். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார்.

நியூஜிலாந்தில் தரனாக்கி என்ற பகுதியில் ஒரு காரியம் செய்து பார்த்தார்கள். 842 வீடுகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வீடுகளுக்கு உடனே தச்சரை அனுப்பினார்கள். படிகளுக்குக் கைப்பிடி, குளியலறையில் பிடிகம்பி, வாசற்படி விளிம்புக்கு வழுக்காத பட்டை, வெளியே ஒரு விளக்கு. மற்றப் பாதிக்கு இதையே பிற்பாடு செய்து கொடுப்பதாக ஏற்பாடு. முடிவை 2015-ல் 'லான்செட்' பத்திரிகை அச்சிட்டது. திருத்திய வீடுகளில் விழுந்து காயம்படுவது 26 சதவீதம் குறைந்திருந்தது. அந்த வீடுகளில் எல்லா வயதினரும் இருந்தார்கள். வயதானவர்களை மட்டும் வைத்துச் செய்த பல ஆய்வுகளைத் திரட்டி 2023-ல் காக்ரேன் அமைப்பு கணக்குப் போட்டபோதும், வீட்டிலுள்ள இடறல்களை நீக்கினால் விழுவது 26 சதவீதம் குறைகிறது என்றுதான் வந்தது. ஏற்கெனவே ஒரு முறை விழுந்தவர்கள், பிறர் உதவி தேவைப்படுகிறவர்கள் போன்றோரிடம் 38 சதவீதம். மனிதர்களின் வயது ஒரு நாள்கூடக் குறையவில்லை. கிரகங்களும் அதனதன் இடத்திலேயே இருந்தன. தச்சர் வந்து போனார், அவ்வளவுதான்.

இந்த வாதத்தை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பொதுப்பணி இலாகாவில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். "பல்பு உம்முடைய தப்பு, சரி. ஆனால் அந்த அம்மாள் ஏன் உம்மை எழுப்பவில்லை? ஏன் தடி வைத்துக்கொள்ளவில்லை? கட்டில் பக்கத்தில் டார்ச் லைட் இருந்ததா இல்லையா?" என்று கேட்டார்.

டார்ச் லைட் இருந்தது. தடியும் வாங்கி வைத்திருந்தேன். தடியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அது கிழவிகளுக்கு என்பாள். டார்ச் அடித்தால் என் மனைவி விழித்துக்கொள்வாள், பாவம், ஆபீஸ் போகிறவள் என்று எண்ணியிருக்கிறாள். ஆகவே பொறுப்பில் அவளுக்கும் ஒரு பாகம் உண்டு என்று நண்பர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான் பல நாள் யோசித்தேன். தனக்கு வருகிற ஆபத்தை ஒரு மனுஷி தெரிந்து ஏற்றுக்கொள்ள உரிமை உண்டா? உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. தடி எடுக்காமல் நடப்பது அவள் இஷ்டம். மருமகளின் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது அவளுடைய அன்பு. அந்த இரண்டையும் அவள் எடை போட்டுத்தான் எழுந்தாள். ஆனால் அவள் போட்ட எடையில் பல்பு போனது மட்டும்தான் இருந்தது. முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு நான் கால் கழுவிவிட்டுத் தரையைத் துடைக்காமல் வந்த ஈரம் இல்லை. கம்பியின் திருகாணி ஆடிக்கொண்டிருந்தது இல்லை. தெரிந்து துணிவது ஒன்று, பிறருடைய அசிரத்தை தெரியாமல் அந்தத் துணிவின் மேல் வந்து ஏறுவது வேறு. முதலாவதற்கு அவள் பொறுப்பு. இரண்டாவதற்கு அவளைப் பொறுப்பாளி ஆக்குவது அநியாயம். "பார்த்து நடக்கக் கூடாதா?" என்ற வாக்கியம் இரண்டையும் சேர்த்து அவள் தலையில் கட்டிவிடுகிறது. நண்பர் இதற்கும் ஏதோ பதில் சொன்னார். அது எனக்குத் திருப்தியாக இல்லை. நான் சொன்னதும் அவருக்குத் திருப்தியாக இல்லை.

பெரியம்மா வீட்டுக்கு வருவதற்குள் பல்பு எரிந்தது. பிடிகம்பிகள் வந்தன. படி விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டினேன். டைல்ஸ் மேல் வழுக்காத பூச்சு அடித்தாயிற்று. செலவு நான் ஒரு வருஷத்தில் புஸ்தகம் வாங்குகிற பணத்துக்குள் அடங்கிவிட்டது என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டைச் சரி செய்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்தேன். மூன்று மாசம் கழித்து அவள், "தெருக்கோடிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றாள். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் அவளுக்கு முன்னால் நான் ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து பார்த்தேன், அவளுடைய கால்களால்.

எங்கள் வாசலுக்கும் பிள்ளையாருக்கும் நடுவே முந்நூறு அடி தூரம்கூட இராது. எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டிக் கொட்டி, ரோடு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஒவ்வொருவரும் வாசலில் ஒரு மேடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கார் ஏறுவதற்காக அந்த மேடு சாய்வாக நடைபாதையைத் தாண்டி வருகிறது. ஆகவே நடைபாதை என்பது வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும் ஒரு மலைத்தொடர். நடைபாதையின் விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி இருக்கிறது. எங்கள் தெருமுனையில் அளந்தேன், 34 சென்டிமீட்டர். நடுவில் ஒரு மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றி நாலு மோட்டார் சைக்கிள். மழைநீர் வடிகாலின் மூடிப் பலகை ஒன்று உடைந்து ஒரு கால் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருக்கிறது. களைத்தால் உட்கார ஒரு கல் கிடையாது. அந்தக் காலத்துத் திண்ணையை இந்த ஓர் இடத்தில் நானும் நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையார் இருப்பது பெரிய ரோட்டுக்கு எதிர்ப்புறம். சிக்னல் இருக்கிறது. சிக்னல்களுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் மனிதன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று வைத்துக்கொள்வது பல நாடுகளிலும் வழக்கம். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை அளந்த ஒரு ஆய்வு 2012-ல் வந்தது. ஆண்கள் சராசரி 0.9 மீட்டர், பெண்கள் 0.8. ரோடு பன்னிரண்டு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் பத்து விநாடியில் சிவப்பு விழுந்துவிடும். அப்போது அந்தப் பெண்மணிக்கு இன்னும் நாலு மீட்டர் பாக்கி. லாரிகள் உறுமத் தொடங்கும். அவள் ஓட வேண்டும், அல்லது விழ வேண்டும். சிங்கப்பூரில் 2009 முதல் சில சிக்னல்களில் முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் வைத்தால் பச்சை விளக்கு மேலும் சில விநாடி எரிகிற மாதிரி செய்திருக்கிறார்கள். பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. இந்த ரோட்டைக் கடக்கிறவர்களில் கிழவர்களும் உண்டு என்று யாரோ ஒருவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பி வந்து நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். "வேண்டாம் பெரியம்மா. பேசாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாமே. பிள்ளையார் படம்தான் இங்கேயே இருக்கிறதே."

இதைச் சொல்லும்போது எனக்கு என் மேலேயே ஒரு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அக்கறையுள்ள பிள்ளை பேசுகிற பேச்சு அல்லவா! ராத்திரி படுத்த பிறகுதான் அது "பார்த்து நடக்கக் கூடாதா?" என்பதன் உடன்பிறப்பு என்று புரிந்தது. முதலாவது விழுந்தவளைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது அவளைச் சிறையில் வைக்கிறது. தெருவைச் சரி செய்ய நூறு பேரிடம் நடக்க வேண்டும். கிழவியை உட்கார வைக்க ஒரு நாற்காலி போதும். மலிவான இந்த வழிக்கு அன்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

உட்கார வைத்தால் விழாமலாவது இருப்பார்களா என்றால் அதுவும் இல்லை. உட்கார்ந்த கால் இளைக்கிறது. விழுந்துவிடுவோம் என்ற பயம் நடையைக் குறைக்கிறது. நடை குறையக் குறையப் பலம் போகிறது, நிதானம் போகிறது. கடைசியில் கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போகிற நாலடியில் விழுகிறார்கள். மருத்துவர்கள் இதை நன்றாக அறிவார்கள். எனக்குத் தெரிந்த எத்தனையோ வீடுகளில் இப்படி அன்பாக உட்கார வைக்கப்பட்டவர்கள் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறார்கள். போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் விழுவதில்லை என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் வார்டு ஆபீசுக்குப் போனேன். வடிகால் மூடியைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் மரியாதையாகத்தான் பேசினார். எண் ஒன்று கொடுத்தார். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்காகவென்று ஒரு கொள்கை வகுத்திருக்கிறது. பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை போட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நானே போய் நடந்திருக்கிறேன். ஆனால் என் பெரியம்மாவின் பிள்ளையார் பாண்டி பஜாரில் இல்லையே. கடை வீதியில் நடக்கிறவர்களைவிடத் தன் தெருக்கோடி வரை மட்டும் நடக்கிற கிழவர்கள்தான் ஊரில் அதிகம்.

மூடி வரவில்லை. பூக்கட்டி விற்கிற அம்மாள் ஒரு பலகையை எங்கிருந்தோ கொண்டுவந்து அந்த வாயின் மேல் போட்டு, காற்றில் போகாமல் ஒரு செங்கல்லும் வைத்தாள். பெரியம்மா தடியோடு போகத் தொடங்கினாள். ஆமாம், தடி இப்போது கிழவிகளுக்கு அல்லவாம், நாய்களுக்காம். சிக்னலில் மட்டும் நான் கையைப் பிடிக்கலாம் என்று ஒப்பந்தம். அந்தப் பக்கம் போனதும் கையை உதறிவிடுவாள்.

நேற்று மத்தியானம் நல்ல மழை. நாலு மணிக்கு விட்டது. அவள் புடைவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். பூக்காரியின் பலகை ஒரு வாரமாகக் காணோம். தெரு முழுவதும் தண்ணீர். எது தரை, எது ஓட்டை என்று எனக்கே தெரியாது. "இன்றைக்கு ஒரு நாள் வேண்டாமே, பெரியம்மா" என்றேன்.

"ஏன்?"

"வடிகால் மூடி இல்லை."

"எழுதிக் கொடுத்திருக்கேன்னு சொன்னாயே?"

"கொடுத்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் போடவில்லை."

அவள் சற்று யோசித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தடியைச் சுவரில் சாய்த்தாள். "சரி, அப்போ நீ போய் அவங்களைக் கேட்டுட்டு வா. நான் அதுக்குள்ளே தலையை வாரிக்கறேன்" என்றாள்.